தடுப்பூசி விஷயத்தில் உலகத்துக்கே ஆலோசனை சொல்லும் அந்தப் பதினைந்து பேர் யார்?

கேள்வி இதுதான்: "உலக சுகாதார நிறுவனத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்து எந்தத் தடுப்பூசியை யாருக்குப் போடலாம் என்று முடிவு செய்கிறார்களாம், எல்லா நாடும் அதை அப்படியே கேட்கிறதாம். இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மருந்து கம்பெனிகள் இவர்களை வளைத்துப் போட மாட்டார்களா?"

பதினைந்து பேர் என்பது சரி. எல்லா நாடும் அப்படியே கேட்கிறது என்பது தப்பு. அதிகாரம் என்று பார்த்தால் காகிதத்தில் ஒன்றுமே கிடையாது. ஆனாலும் அவர்கள் ஒரு வரி மாற்றி எழுதினால் பல கோடிக் குழந்தைகளுக்குப் போடும் ஊசியின் எண்ணிக்கை மாறுகிறது. இது எப்படி என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கம்பெனி விவகாரம் பின்னால் வரும்.

குழுவின் பெயர் சேஜ். 1999இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் அமைத்தது. உறுப்பினர் பதவி மூன்று வருடம், இன்னொரு முறை நீட்டிக்கலாம், அதோடு சரி. சம்பளம் கிடையாது. குழந்தை மருத்துவம், தொற்றுநோயியல், நோயெதிர்ப்பியல், சுகாதாரப் பொருளாதாரம் என்று பல துறைக்காரர்கள், பல கண்டங்களிலிருந்து, நாட்டின் பிரதிநிதியாக இல்லாமல் சொந்த ஹோதாவில் வருகிறார்கள். பொதுவாக வருடத்துக்கு இரண்டு கூட்டம். மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒன்று, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொன்று. யுனிசெஃப், தடுப்பூசிக்கு நிதி தரும் கவி கூட்டணி, கம்பெனிகளின் ஆட்கள் எல்லாம் பார்வையாளர்களாக வந்து உட்காரலாம். ஆனால் பரிந்துரையின் வாசகத்தை முடிவு செய்யும்போது உறுப்பினர்கள் மட்டும்தான் இருப்பார்கள். நிஜமான வேலை அந்தக் கூட்டத்துக்குப் பல மாதம் முன்பே, ஒவ்வொரு நோய்க்கும் தனியாகப் போடப்படும் பணிக்குழுவில் நடக்கிறது. ஆய்வுகளைத் தேடித் தொகுத்து, எது நம்பத்தகுந்தது எது இல்லை என்று தரம் பிரித்து, வரைவு எழுதிக் கொண்டுவருவது அவர்கள்தான்.

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தடுப்பூசிக்கு "அனுமதி" கொடுப்பது சேஜ் கிடையாது. அது மருந்துக் கட்டுப்பாட்டாளரின் வேலை, நம் ஊரில் டிசிஜிஐ. கட்டுப்பாட்டாளர் கேட்பது: கம்பெனி சொல்கிறபடி இது வேலை செய்கிறதா, பாதுகாப்பானதா, ஒவ்வொரு பேட்ச்சும் ஒரே தரத்தில் வருகிறதா. ஆலோசனைக் குழு கேட்பது வேறு: சரி, நல்ல மருந்துதான், ஆனால் எந்த வயதில், எத்தனை டோஸ், எந்த ஊரில், இதற்குச் செலவழிக்கும் பணத்தில் வேறு எதை விட்டுக்கொடுக்கிறோம், மலைக்கிராமத்து நர்ஸால் இதைக் கொண்டுபோய்ப் போட முடியுமா, தாய்மார்கள் ஏற்றுக்கொள்வார்களா. சேஜ் பரிந்துரைகளோடு ஓர் அட்டவணை வரும், அதில் இந்தக் கேள்விகள்தான் வரிசையாக இருக்கும்: நோயின் சுமை, நன்மை, தீமை, செலவு, சமத்துவம், ஏற்பு, நடைமுறை சாத்தியம். ஆய்வுக்கூட முடிவு இதில் ஒரு பகுதி மட்டுமே. அதனால்தான் ஒரே தடுப்பூசிக்கு, ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு, இரண்டு நாடுகள் இரண்டு விதமாக முடிவெடுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம்.

அதிகாரம் இல்லாத குழுவுக்குச் செல்வாக்கு எங்கிருந்து வருகிறது? பணத்திலிருந்து. சேஜ் சொன்னதை வைத்து உலக சுகாதார நிறுவனம் தன் நிலைப்பாட்டு அறிக்கையை வெளியிடும். 2000இல் தொடங்கிய கவி, ஏழை நாடுகளுக்கு எந்தத் தடுப்பூசிக்கு நிதி தருவது என்று முடிவெடுக்கும்போது இதைத்தான் பார்க்கும். தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்து உலக சுகாதார நிறுவனம் தரும் முன்தகுதிச் சான்று பெற்ற மருந்தை யுனிசெஃப் மொத்தமாக வாங்கி அனுப்பும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஜெனீவாவில் எழுதப்படும் அந்த வாசகம். "போட வேண்டும்" என்று எழுதினால் ஒரு மாதிரி, "போடுவதைப் பரிசீலிக்கலாம்" என்று எழுதினால் வேறு மாதிரி, "சோதனை முறையில் மட்டும்" என்றால் தொழிற்சாலையே ஆள் குறைக்கும். ஆப்பிரிக்காவின் ஏழை நாடான மலாவிக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். இந்தியா போன்ற நாட்டுக்கு, தன் பணத்தில் பெரும்பாலான மருந்தை வாங்குவதால், அவ்வளவு கட்டாயம் இல்லை. ஜப்பானுக்கோ பிரான்சுக்கோ இன்னும் குறைவு.

இந்தக் குழுக்கள் என்ன மாதிரிக் கணக்குப் போடுகின்றன என்று தெரிய ரோட்டா வைரஸ் கதையைப் பாருங்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த உதாரணம், ஏனென்றால் சங்கடமான கணக்கை மறைக்காமல் போட்டார்கள்.

ரோட்டா வைரஸ் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவைக்கும். 2008ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.5 லட்சம் குழந்தைகள் அந்த ஒரு வருடத்தில் இதனால் இறந்தார்கள், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். முதல் தடுப்பூசி ரோட்டாஷீல்டு 1998இல் அமெரிக்காவில் வந்தது. போட ஆரம்பித்து ஒரு வருடத்துக்குள், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டு அடைத்துக்கொள்ளும் ஆபத்தான பிரச்சினை சில குழந்தைகளுக்கு வந்தது தெரிந்தது. தோராயமாகப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் ஆலோசனைக் குழுவான ஏசிஐபி 1999 அக்டோபரில் தன் பரிந்துரையை வாபஸ் வாங்கியது, கம்பெனி மருந்தையே திரும்பப் பெற்றது. அமெரிக்காவுக்கு அது சரியான முடிவு. அங்கே இந்த நோயால் வருடத்துக்குச் சில பத்து குழந்தைகள்தான் இறந்துகொண்டிருந்தார்கள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் டிரிப்ஸும் இருந்தன. ஆனால் பல லட்சம் சாவுகள் நடந்துகொண்டிருந்த நாடுகளுக்கும் அந்த மருந்து சேர்ந்தே போய்விட்டது. அமெரிக்காவில் ஆபத்து என்று ஒதுக்கியதை எங்கள் பிள்ளைகளுக்குப் போடுவதா என்று கேட்டால் எந்தச் சுகாதார அமைச்சரால் பதில் சொல்ல முடியும்?

அடுத்த தலைமுறை மருந்துகள் 2006இல் வந்தன. 2009இல் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரை வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: முதல் டோஸ் 15 வாரத்துக்குள், கடைசி டோஸ் 32 வாரத்துக்குள். வயது கூடினால் குடல் செருகும் வாய்ப்புக் கூடும் என்ற பயம்தான் காரணம். நல்ல எச்சரிக்கைதானே என்று தோன்றும். ஆனால் ஏழை நாடுகளில் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதே தாமதமாகத்தான் நடக்கும். பதினாறாவது வாரத்தில் வந்த தாயை "லேட்டாகிவிட்டது, போங்கள்" என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, அதுவும் வயிற்றுப்போக்கில் சாகும் வாய்ப்பு அதிகம் உள்ள குழந்தைகளை.

2012இல் சேஜ் முன் வைக்கப்பட்ட கணிப்பு இப்படி இருந்தது: வயது வரம்பை எடுத்துவிட்டால் கூடுதலாகச் சுமார் 47,200 ரோட்டா சாவுகளைத் தடுக்கலாம், கூடுதலாகச் சுமார் 294 குழந்தைகள் குடல் செருகலால் இறக்கலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 294 என்பது மருந்து கொடுக்க வந்தவர்கள் கையால் வரும் சாவு. 47,200 என்பது யாருமே எதுவும் செய்யாததால் வரும் சாவு, அதற்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள், பேப்பரில் தலைப்பு வராது. குழு வரம்பை எடுக்கச் சொன்னது. முடிந்தவரை நேரத்தோடு போடுங்கள், ஆனால் தாமதமாக வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று 2013 நிலைப்பாட்டு அறிக்கையில் வந்தது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14 வாரங்களில் கொடுக்கும் ரோட்டா மருந்தின் முதல் டோஸை ஒரு வயதுக்குள் வந்தால் கொடுக்கலாம் என்று இருப்பதற்குப் பின்னணி இதுதான். இந்தியாவிலேயே உருவான ரோட்டாவேக் மருந்தின் பெரிய பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன், நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது.

அடுத்தது எச்பிவி, கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. இதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பே உண்டு.

ஆரம்பத்தில் மூன்று டோஸ், பிறகு சிறுமிகளுக்கு இரண்டு. 2009இல் இந்தியாவில் ஒன்பது இடங்களில் இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று ஒரு பெரிய ஆய்வைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆரம்பித்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை அந்த இடங்களில் ஒன்று. 20,000 சிறுமிகளைச் சேர்ப்பது திட்டம். இதற்கும் சம்பந்தமில்லாமல், ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் வேறொரு அமைப்பின் எச்பிவி திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்த ஏழு சிறுமிகள் இறந்தார்கள். சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு தெரியவில்லை என்று விசாரணை சொன்னது, ஆனால் பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதி வார்டன்களிடம் கையெழுத்து வாங்கியது போன்ற அசிங்கங்களும் அதே விசாரணையில்தான் வெளியே வந்தன. 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்பிவி ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தியது, இந்த ஆய்வும் அதில் அடிபட்டது. சுமார் 17,700 சிறுமிகள் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 5,000 பேர் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள்.

ஆய்வு கெட்டுப்போச்சு என்று மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அந்தப் பெண்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு: இந்தப் புற்றுநோயை அதிகம் வரவைக்கும் 16, 18 வகை எச்பிவி வைரஸ்களின் விடாப்பிடியாகத் தங்கிவிடும் தொற்றிலிருந்து ஒரு டோஸ் கொடுத்த பாதுகாப்பு 95.4 சதவீதம், இரண்டு டோஸ் 93.1, மூன்று டோஸ் 93.3. வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். கோஸ்டா ரிகாவிலும் இதேபோல டோஸ் முடிக்காமல் போனவர்களிடமிருந்து இதே திசையில் தகவல் வந்தது. ஆனால் இப்படித் தற்செயலாக அமைந்த குழுவை வைத்து உலகக் கொள்கையை மாற்ற முடியாது. யார் ஒரு டோஸோடு நின்றார்கள் என்பதில் சாய்வு இருக்கலாம். கென்யாவில் 15 முதல் 20 வயதுப் பெண்கள் 2,275 பேரை முறையாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில் ஒரு டோஸுக்கு 97.5 சதவீதப் பலன் தெரிந்த பிறகுதான், 2022 ஏப்ரலில் சேஜ் ஒரு டோஸ் அட்டவணையும் போதும் என்றது.

பின்னணியில் இன்னொன்றும் இருந்தது, இதை மறைக்கத் தேவையில்லை. மருந்து போதவில்லை. 2019இலேயே, பையன்களுக்கும் மூத்த பெண்களுக்கும் போடுவதைத் தற்காலிகமாகத் தள்ளி வையுங்கள், முதலில் எல்லா நாட்டுச் சிறுமிகளுக்கும் கிடைக்கட்டும் என்று இதே குழு சொல்லியிருந்தது. ஒரு டோஸ் போதும் என்றால் அதே மருந்தில் இரண்டு மடங்குப் பெண்களுக்குப் போடலாம். விற்பனையைப் பாதியாக்கும் பரிந்துரை இது. கம்பெனிகளின் கையாட்கள் என்று சொல்பவர்கள் இதை எப்படி விளக்குவார்கள் என்று எனக்கு ஆர்வம். இப்போது அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு டோஸ்தான் போடுகின்றன.

இந்தியாவில் என்ன ஆனது? நம் தேசிய ஆலோசனைக் குழுவான என்டிஏஜிஐ 2022இல் எச்பிவியை அரசுத் திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. 2024 இடைக்கால பட்ஜெட்டில் "ஊக்குவிப்போம்" என்ற அளவில் ஒரு வரி வந்தது. 2025இல் தமிழ்நாடு தன் பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடுவதாகத் தனியாக அறிவித்தது. இலங்கை 2017இலேயே பள்ளி மாணவிகளுக்குத் தேசிய திட்டத்தில் கொண்டுவந்துவிட்டது, அங்கே தொற்றுநோய்களுக்கான ஆலோசனைக் குழு ஒன்று நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்கிறது. பரிந்துரை வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று யாராவது சொன்னால் இந்த வருடங்களை எண்ணிக் காட்டுங்கள்.

இதுவரை குழுவைப் புகழ்ந்துவிட்டேன். இப்போது டெங்கு.

சனோஃபி கம்பெனியின் டெங்வேக்சியா 2015 டிசம்பரில் முதல் அனுமதி பெற்றது. டெங்குவில் ஒரு விசித்திரம் உண்டு: முதல் தடவை வருவதைவிட இரண்டாம் தடவை வேறு வகையால் வருவது ஆபத்தாகலாம். டெங்குவே வராத குழந்தைக்கு ஊசி போட்டால், அந்த ஊசியே முதல் தொற்றுப் போல வேலை செய்து, அடுத்து வரும் நிஜமான டெங்குவை மோசமாக்குமோ என்று அமெரிக்க விஞ்ஞானி ஸ்காட் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் எச்சரித்தார்கள். 2016 ஏப்ரலில் சேஜ் ஒரு நடுவழி சொன்னது: குறிப்பிட்ட வயதில் 70 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்கெனவே டெங்கு வந்துபோன பகுதிகளில் மட்டும், ஒன்பது வயதுக்கு மேல் போடுவதைப் பரிசீலிக்கலாம், 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேண்டாம். பிலிப்பைன்ஸ் அரசு அதற்கும் காத்திருக்கவில்லை. சேஜ் கூடுவதற்கு முன்பே, அந்த ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், மூன்று பிராந்தியங்களின் அரசுப் பள்ளிகளில் ஆரம்பித்துவிட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டார்கள்.

2017 நவம்பர் 29 அன்று கம்பெனியே அறிவித்தது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி பின்னால் கடுமையான டெங்கு வரும் ஆபத்தைக் கூட்டுகிறது. நாடே கொந்தளித்தது. 2015இல் தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 93 சதவீதம், 2018இல் 32 சதவீதம். டெங்கு ஊசிமேல் வந்த கோபம் தட்டம்மை ஊசிமேலும் பாய்ந்தது, 2019 தொடக்கத்தில் அங்கே பெரிய தட்டம்மைப் பரவல் வந்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தார்கள்.

இதில் சேஜின் பங்கு என்ன? நிபந்தனை போட்டார்கள், உண்மைதான். ஆனால் என் பார்வையில் அந்த நிபந்தனை முரடானது. ஊரில் 70 சதவீதம் பேருக்கு வந்துபோயிருக்கிறது என்றால் மீதி 30 சதவீதக் குழந்தைகள் யார் என்று ஊசி போடும் நர்ஸுக்கு எப்படித் தெரியும்? மொத்தக் கணக்கில் லாபம் என்பதால், ஒரு தனிக் குழந்தைக்கு நஷ்டம் வரலாம் என்ற சந்தேகத்தை அப்போதைக்குக் கோட்பாட்டளவிலான ஆபத்தாக வைத்துவிட்டார்கள். ரோட்டாவிலும் இதே கணக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ரோட்டாவில் எந்தக் குழந்தைக்குக் குடல் செருகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. டெங்குவில் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ள வழி இருந்தது. 2018 ஏப்ரலில் சேஜ் அந்தப் பரிசோதனையைத்தான் முன்நிபந்தனையாக்கியது. இரண்டு வருடம் தாமதம். 2023இல் டகேடா கம்பெனியின் டெங்கு ஊசி மேசைக்கு வந்தபோது குழு தொட்டுத் தொட்டு நடந்தது, டெங்கு மிக அதிகமாகப் பரவும் இடங்களில், 6 முதல் 16 வயதுக்குள் மட்டும் என்று. பட்ட சூடு.

ஆனால் ஜாக்கிரதையாக இருப்பதற்கும் விலை உண்டு. ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா ஊசி ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, 2015 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமையின் சாதகமான கருத்தைப் பெற்றது. அந்தப் பரிசோதனையில் மூளைக்காய்ச்சல், மூளை மலேரியா, பெண் குழந்தைகளின் சாவு மூன்றும் ஊசி போட்ட பிரிவில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. தற்செயலா, நிஜமா என்று சொல்ல முடியாத அளவு. 2015 அக்டோபரில் சேஜும் மலேரியா ஆலோசனைக் குழுவும் சேர்ந்து, நேரடியாகப் பரவலாக வேண்டாம், முதலில் சோதனைத் திட்டம் என்றன. கானா, கென்யா, மலாவியில் அது 2019இல்தான் ஆரம்பித்தது, பணம் திரட்டவும் ஏற்பாடு செய்யவும் அவ்வளவு நாள். 2021 அக்டோபரில் பரவலான பயன்பாட்டுக்குப் பரிந்துரை வந்தது. அந்த மூன்று சந்தேகமும் உறுதிப்படவில்லை, குழந்தைகளின் மொத்தச் சாவு எண்ணிக்கையே 13 சதவீதம் குறைந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. இடையில் ஆறு வருடம். ஆப்பிரிக்காவில் வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் மலேரியாவால் செத்துக்கொண்டிருந்த ஆறு வருடம். 2015இல் நான் அந்த அறையில் இருந்திருந்தாலும் சோதனைத் திட்டம்தான் கேட்டிருப்பேன், ஆனால் அதை ஆரம்பிக்கவே நான்கு வருடம் ஆனதை நியாயப்படுத்தமாட்டேன்.

சரி, கம்பெனி விவகாரம். தடுப்பூசி ஆராய்ச்சியில் பெரிய ஆள் என்றால் எங்காவது ஒரு கம்பெனி ஆய்வில் கை வைத்திருப்பார், அது தவிர்க்க முடியாதது. சேஜில் ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் உறுப்பினர்கள் தங்கள் தொடர்புகளை எழுதிக் கொடுக்க வேண்டும், முக்கியமானவை வெளியிடப்படும், குறிப்பிட்ட மருந்தில் நலன் உள்ளவர் அந்த முடிவில் விலகி நிற்பார். இது போதுமா என்று வாதிடலாம். ஆனால் இது இல்லாதபோது என்ன ஆகும் என்று 2009 பன்றிக்காய்ச்சல் காட்டியது. அப்போது தலைமை இயக்குநருக்கு ஆலோசனை சொன்ன அவசரக் குழு (இது சேஜ் இல்லை, வேறு குழு) உறுப்பினர்களின் பெயர்களையே உலக சுகாதார நிறுவனம் ரகசியமாக வைத்தது, அவர்களுக்கு அழுத்தம் வரக்கூடாது என்று. 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழும் ஐரோப்பிய கவுன்சிலும் கிழித்துத் தொங்கவிட்டன. பெயரை மறைத்ததால் உண்மையில் தவறே நடக்காத இடத்திலும் தவறு நடந்ததாக மக்கள் நம்பினார்கள்.

நம் ஊரிலும் இதற்கு ஓர் உதாரணம் நினைவிருக்கும். 2021 மே மாதம், கோவிஷீல்டு இரண்டு டோஸ்களுக்கு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று ஒரே அடியாக நீட்டினார்கள். சேஜ் சொல்லியிருந்தது 8 முதல் 12 வாரம். ஊசி கிடைக்காமல் ஜனங்கள் வரிசையில் நின்ற நேரம் அது. நிபுணர் குழுவின் பரிந்துரை என்றது அரசு. அடுத்த மாதமே அதே குழுவின் உறுப்பினர்கள் மூன்று பேர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம், நாங்கள் 12 வாரம் வரைக்கும்தான் சரி என்றோம், 16க்குப் போதுமான தரவு இல்லை என்றார்கள். முடிவு ஏகமனதானது என்று அரசுத் தரப்பு மறுத்தது. பின்னாளில் வந்த தகவல்கள் நீண்ட இடைவெளி ஒன்றும் கெடுதல் இல்லை என்றே காட்டின, அது வேறு விஷயம். அன்றைக்கு அந்தக் கூட்டத்தின் குறிப்புகள் உடனுக்குடன் வெளியே இருந்திருந்தால் இந்தச் சந்தேகமே கிளம்பியிருக்காது. என்டிஏஜிஐக்குத் தலைவர் மத்திய சுகாதாரச் செயலர் என்பதையும் கவனியுங்கள். ஆலோசனை கேட்பவரே ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர்.

நாட்டளவிலான குழுக்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனின் குழு 1963இலிருந்து இருக்கிறது. இங்கிலாந்தில் 2009 விதிகளின்படி, செலவுக்கேற்ற பலன் உண்டு என்று அது பரிந்துரைத்தால் சுகாதார அமைச்சர் நிறைவேற்றியே ஆகவேண்டும். அமெரிக்காவின் ஏசிஐபி 1964இல் வந்தது. அது பரிந்துரைத்த ஊசிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் காசு கொடுக்க வேண்டும், ஏழைக் குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். சேஜுக்கு இல்லாத சட்ட பலம் இது.

அந்தச் சட்ட பலமே இப்போது அங்கே தலைவலி ஆகிவிட்டது. 2025 ஜூன் 9 அன்று அமெரிக்கச் சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் ஏசிஐபியின் 17 உறுப்பினர்களையும் ஒரே நாளில் நீக்கிவிட்டுத் தன் ஆட்களை நியமித்தார். பழைய குழுவில் கம்பெனித் தொடர்பு மலிந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். புதியவர்களில் பலர் தடுப்பூசிகளை வெளிப்படையாகச் சந்தேகித்தவர்கள். டிசம்பரில் அந்தக் குழு, பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி ஊசி என்ற 1991 முதலான பரிந்துரையை 8க்கு 3 என்ற வாக்கில் கைவிட்டது. தாய்க்குத் தொற்று இல்லை என்று தெரிந்தால் பெற்றோர் டாக்டரோடு பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். பிரசவ நேரத்திலோ முதல் ஒரு வயதுக்குள்ளோ இந்த வைரஸ் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுசுக்கும் தங்கிவிடும், பின்னாளில் கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோய் வரலாம். பரிசோதனை தவறலாம், தாய்க்கு இல்லாவிட்டாலும் வீட்டில் வேறு யாருக்காவது இருக்கலாம். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிரசவ வார்டிலேயே போடுகிறார்கள்.

அமெரிக்க மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், ஹவாய் சேர்ந்து தனிக் கூட்டணி அமைத்தன, வடகிழக்கு மாநிலங்கள் இன்னொன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தன் சொந்த அட்டவணையை வெளியிட்டது. ஒரே நாட்டுக்குள் இப்போது எந்த ஊரில் பிறந்தாய் என்பதைப் பொறுத்து ஊசி அட்டவணை. ஒரு குழுவின் பெயர், முகவரி, சட்ட அதிகாரம் எல்லாம் அப்படியே இருக்க, அதன் பேச்சுக்கு இருந்த மதிப்பு ஆறு மாதத்தில் போனதைப் பார்க்க வேண்டியிருந்தது.

போலியோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகை வைரஸ் இயற்கையில் கடைசியாகக் காணப்பட்டது 1999இல், அலிகாரில். எனவே சொட்டு மருந்திலிருந்து அந்த வகையை எடுத்துவிடலாம் என்று சேஜ் பரிந்துரைக்க, 2016 ஏப்ரல், மே மாதங்களில் 155 நாடுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாறின. காப்பாக ஒரு டோஸ் போலியோ ஊசி போட்டிருக்க வேண்டும், ஆனால் ஊசி மருந்து தட்டுப்பாடு. இந்தியாவும் இலங்கையும் ஐந்தில் ஒரு பங்கு மருந்தைத் தோலுக்குள் போடும் முறைக்குப் போய்ச் சமாளித்தன. பல ஆப்பிரிக்க நாடுகளால் முடியவில்லை. சொட்டு மருந்திலிருந்தே உருமாறிய இரண்டாம் வகை வைரஸ் அங்கே பரவியது, இன்னும் அடங்கவில்லை. பரிந்துரை தப்பா, நிறைவேற்றியது தப்பா என்று இன்றும் சண்டை. ஊசி கையில் வரும்வரை தேதியைத் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்களே பார்க்க வேண்டும் என்றால் சேஜ் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல், பின்னணிக் குறிப்புகள், உறுப்பினர்கள் அறிவித்த தொடர்புகள் எல்லாம் உலக சுகாதார நிறுவன இணையதளத்தில் இருக்கின்றன, முடிவுகள் அவர்களின் வாராந்தரத் தொற்றுநோய் இதழில் வரும். படிக்கும்போது "பரிந்துரைக்கப்படுகிறது" என்ற முதல் வரியோடு நிறுத்தாதீர்கள், செய்தித்தாள்கள் அங்கேதான் நிறுத்திவிடுகின்றன. அடுத்து வரும் "இந்த வயதில், இந்த நிலைமை இருந்தால், இது இல்லாவிட்டால் வேண்டாம்" என்ற வரிகளையும், அந்த அட்டவணையில் சான்றின் தரம் "குறைவு" என்று எந்தக் கட்டங்களில் எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். டெங்வேக்சியா விஷயத்தில் முழு வம்பும் அந்த வரிகளுக்குள்தான் இருந்தது.